ஈறு ஏன் ஒரே இடத்தில் கெடுகிறது? வாய்க்குள் அழுக்கு ஒளியும் மூலைகளைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாங்கோனில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் பல்லைச் சுரண்டும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளைக் கழுவிக் கொதிகலனில் வைப்பது, பயந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது, இவைதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 12 வருடம் விளக்கடியில் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு விஷயம் தானாகப் பிடிபட்டுவிடும். எந்த வாயும் முழுக்க ஒரே மாதிரி கெடுவதில்லை. 28 பல் ஒழுங்காக இருக்கும். மீதி நாலு பல்லைச் சுற்றி மட்டும் ஈறு சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம் கசியும். ஒருவருக்குக் கீழ் முன்பல்லின் உள்பக்கம், இன்னொருவருக்கு இடது கன்னத்தோரம். ஒரே பிரஷ், ஒரே பேஸ்ட், தேய்க்கிற கையும் ஒன்றுதான்.

வருகிறவர்களிடம் காரணம் கேட்டால் உடம்புச் சூடு என்பார்கள், எங்கள் வம்சத்துக்கே வீக்கான பல் என்பார்கள். சர்க்கரை நோய், புகை, கர்ப்பம், சில மாத்திரைகள் எல்லாம் ஈறைப் பாதிக்கும், உண்மைதான். ஆனால் அவை வாய் முழுவதையும் பலவீனமாக்குகிற விஷயங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால், அந்த இடத்தில் அழுக்குக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்திருக்கிறது. வீட்டைத் தினமும் பெருக்கினாலும் கதவுக்குப் பின்னால் மட்டும் தூசி சேருமே, அப்படி. அந்த மூலையைக் கண்டுபிடிக்காமல் பேஸ்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது காசுக்குக் கேடு.

முதலில், உள்ளே நடப்பது என்ன

பல் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் இருக்கும் புரதம் பல்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாகப் படிந்துவிடுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் கிருமிகள் வந்து ஒட்டி, பெருகி, தங்களுக்கென்று ஒரு பசையையும் சுரந்துகொள்கின்றன. இதுதான் படலம். ஒரு நாள் துலக்காமல் இருந்து நகத்தால் சுரண்டினால் வெண்மஞ்சளாக மாவு மாதிரி வருமே, அதேதான். ஒரு மில்லிகிராம் படலத்தில் 10 கோடிக்கும் மேல் கிருமிகள் இருக்கும். பசையாக ஒட்டியிருப்பதால் வெறுமனே கொப்பளித்தால் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

1965இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஈறு நல்லபடியாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நமக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று உண்டு. பிரஷ் எட்டாத மூலையைப் பொறுத்தவரை நாம் எல்லாருமே அந்த 12 பேர்தான். மற்ற பற்களைத் தேய்தேய் என்று தேய்த்தாலும், அந்த மூலையில் சோதனை தினமும் நடந்துகொண்டே இருக்கிறது.

படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கெட்டியாகிவிடும். இதைத்தான் நாம் காரை என்கிறோம். சுவருக்குப் பூசுகிற காரை மாதிரியே இருப்பதால் வந்த பெயர். பர்மியர்கள் ‘பல் கல்’ என்றே சொல்கிறார்கள். நாலிலிருந்து எட்டு மணி நேரத்திலேயே இறுக ஆரம்பிக்கலாம். இரண்டு நாளில் பாதி கல்லாகிவிடுவதுண்டு. 12 நாள் ஆனால் பிரஷுக்கு அங்கே வேலையே இல்லை. காரை தானாக ஈறை அரிப்பதில்லை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதுப் படலம் சுலபமாகத் தங்குகிறது, கெடுதல் செய்வது அதுதான்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அழற்சி நீடித்தால் ஈறு பல்லைவிட்டு விலகி அது 4, 5, 6 என்று ஆழமாகும். அதை ‘பை’ என்பார்கள். பைக்குள் பிரஷ் போகாது. உள்ளே எலும்பு கரையும், கரைந்தது தானாகத் திரும்பாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. அதனால்தான் பல் ஆட ஆரம்பித்த பிறகு வருகிறார்கள்.

படி 1: உங்கள் மூலைகளைக் கண்டுபிடியுங்கள்

போன் டார்ச், கண்ணாடி, ஒரு சுருள் பல் நூல், சமையலுக்குப் போடும் சிவப்புக் கலர், ஒரு தாள், பேனா. இவ்வளவு போதும். கரண்ட் இல்லாத ராத்திரி டார்ச்சில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும், நம் ஊரில் அதற்குக் குறைவில்லை.

நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் வைத்து மெதுவாகத் தடவுங்கள். பல் பீங்கான் மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஓரத்தில் படி மாதிரி, மணல் மாதிரி நெருடினால் அங்கே காரை. அடுத்து மேல் கடைவாயின் கன்னப் பக்கம். விரலைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத் தடவிப் பாருங்கள்.

பிறகு கலர். ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சால் எல்லாப் பல்லிலும் தடவி, ஒருமுறை மட்டும் கொப்பளியுங்கள். சுத்தமான பல்லில் நிறம் ஓடிவிடும், படலம் உள்ள இடத்தில் நிற்கும். பல் துலக்கிய பிறகு இதைச் செய்வதில்தான் சுவாரசியம். எங்கே கை போகவில்லை என்று அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் கோயிலுக்குப் போக எடுத்து வைத்திருந்த புடவையைக் கெடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, நூல். ஒவ்வொரு இடுக்காக உள்ளே விட்டு, பல்லை அணைத்து மேலும் கீழும் உரசுங்கள். எங்கே சிக்குகிறது, எங்கே பிரிப்பிரியாகக் கிழிகிறது, எங்கே தடையே இல்லாமல் பொத்தென்று விழுகிறது, எங்கே ரத்தம் வருகிறது, எடுத்த நூலில் எந்த இடுக்கு நாறுகிறது என்று பாருங்கள். கிழித்தால் பில்லிங் விளிம்போ காரையோ சொத்தையோ இருக்கும். பொத்தென்று விழுந்தால் இரண்டு பல்லும் ஒன்றையொன்று தொடவில்லை, சாப்பாடு மாட்டும் இடம்.

எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாயைக் குதிரை லாடம் மாதிரி மேலே ஒன்று கீழே ஒன்று வரைந்து புள்ளி வைத்தால் போதும். சுருட்டு, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு ரத்தம் வரவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். புகைப்பவர்களின் ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருந்தாலும் வெளியே காட்டாது. நம் ‘சுருட்டு’ என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய்ச் ‘செரூட்’ ஆனது. அதில் நாம் பெருமைப்படலாம், ஈறு பெருமைப்படாது.

படி 2: ஏன் அங்கே? காரணத்தைத் தேடுங்கள்

தாளில் புள்ளிகள் விழுந்துவிட்டன. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம்.

கீழ் முன்பல்லின் உள்பக்கமும் மேல் கடைவாயின் கன்னப் பக்கமும் பெரும்பாலும் உங்கள் தப்பு இல்லை. எச்சில் சுரப்பிகளின் வாய் திறப்பது அங்கேதான். நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி, மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தில் ஒரு ஜோடி. கால்சியம் நிறைந்த எச்சில் முதலில் நனைப்பது இந்தப் பற்களை. அதனால் எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் சிலருக்கு அங்கே காரை சீக்கிரம் கட்டும். மேலே தெரியும் காரை மஞ்சள், சுரண்டினால் சில்லுச்சில்லாக வரும். ஈறுக்குள் ஒளிந்திருப்பது கறுப்பு, கெட்டி, டாக்டருக்கே கை வலிக்கும்.

இப்போது குன்யாவுக்கு, அதாவது பர்மிய வெற்றிலைப் பாக்குக்கு வருவோம். இந்த ஊரில் அதை ஒதுக்கிவிட்டு ஈறைப் பற்றிப் பேசுவது வீண். தெரு முனைக்கு ஒரு குன்யாக் கடை. வெற்றிலையில் சுண்ணாம்புத் தண்ணீரைப் பூசி, பாக்கு, புகையிலை, வாசனைச் சாமான் வைத்து மடித்துப் பையில் போட்டுத் தருகிறார்கள். நம் வீடுகளிலும் பாட்டி காலத்து வெற்றிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஆனால் பாட்டி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டதும், லைன் கார் என்கிற டவுன் பஸ் ஓட்டுகிறவர் காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் அடக்கிக்கொள்வதும் ஒன்றாகிவிடாது.

குன்யா பல விதத்தில் ஈறைக் கெடுக்கிறது. சுண்ணாம்பு என்பது கால்சியம் சேர்ந்த பொருள். அது எச்சிலைக் காரத்தன்மை ஆக்குகிறது, அந்தச் சூழலில் படலம் வேகமாகக் கல்லாகும். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் சிவப்பு, காரையில் ஊறிக் கறுப்பாகிப் பல்லோடு ஒட்டிவிடும், பல்லின் நிறமே அதுதான் என்று ஆள் நம்ப ஆரம்பித்துவிடுவார். மென்ற சக்கை பல் இடுக்கில் திணிந்து ஈறை அழுத்துகிறது. அதைவிட முக்கியம், அடக்கி வைக்கிற பக்கம். பெரும்பாலானவர்கள் ஒரே கன்னத்தில்தான் வைக்கிறார்கள். வாயைத் திறந்ததும் எந்தப் பக்கம் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். அந்தப் பக்கம் ஈறு கீழே இறங்கி வேர் தெரியும், மறுபக்கம் அவ்வளவு இருக்காது.

ஈறோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும், ஏன், பாக்கை மட்டுமே கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால், கன்னத்தின் உள்தோல் வெளுத்து விறைப்பாக இருந்தால், காரம் பட்டால் எரிந்தால், ஈறை விடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள். ஒரே நாளில் விடச் சொன்னால் யாரும் விடுவதில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் புகையிலையை நிறுத்துங்கள், தூங்கும்போது வாயில் வைப்பதை நிறுத்துங்கள், பிறகு எண்ணிக்கையைக் குறையுங்கள். பக்கத்தை மாற்றி மாற்றி வைப்பது தீர்வாகாது. அது கெடுதலை இரண்டு பக்கமும் பங்கிட்டுக் கொடுப்பதுதான்.

அடுத்து பில்லிங்கும் கேப்பும். இது என் சொந்தக் கதை. கிளினிக் வேலையில் சேருவதற்கு முன்னால் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேறோர் இடத்தில் பில்லிங் வைத்துக்கொண்டேன். சொத்தை அடைந்தது, வலி போனது. ஆனால் ஆறு மாதத்தில் அந்த இடுக்கில் ஈறு உப்ப ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், கிராம்பு எண்ணெய் வைத்தேன், மூன்று பேஸ்ட் மாற்றினேன், அம்மா சொன்னதற்காக வெண்டைக்காய் கத்திரிக்காயைக்கூட நிறுத்திப் பார்த்தேன். நூல் விட்டால் அந்த ஓர் இடத்தில் மட்டும் கிழிந்து வரும். இங்கே சேர்ந்த பிறகு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பில்லிங் பொருள் பல்லின் ஓரத்தைத் தாண்டி, கூரையின் இறவாரம் மாதிரி ஈறுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எந்த பிரஷும் போகாது. பத்து நிமிடம் தேய்த்துச் சமமாக்கினார். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. மூன்று வருடம் நான் பட்ட பாட்டுக்கு மருந்து ஒரு சின்ன அரம்.

அதனால் யாருக்காவது பில்லிங் உள்ள இடத்தில், கேப் போட்ட பல்லைச் சுற்றி, பாலம் மாதிரி கட்டிய பல்லுக்கு அடியில் மட்டும் ஈறு கெட்டிருந்தால் என் சந்தேகம் உடனே விளிம்புக்குத்தான் போகும். கேப்பின் ஓரம் ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தாலும், ஓரத்தில் இடைவெளி இருந்தாலும், கேப் பல்லைவிடக் குண்டாக இருந்தாலும் இதே கதைதான். நல்ல விளிம்பு என்றால் நூல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். புதிதாகப் பில்லிங் வைத்தால் நாற்காலியைவிட்டு எழுவதற்கு முன்பே நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நெருக்கியடித்து வளர்ந்த பற்களில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் பிரஷ் தட்டையாகப் போய்விடும். பிரஷைச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கலாம். கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. பல் பிடுங்கிவிட்டு அப்படியே விடுவதும் ஒரு காரணம். பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தில் சாயும், எதிர்ப் பல் நீண்டு இறங்கும், தொட்டுக்கொண்டிருந்த பற்கள் விலகும். பிறகு ஆட்டுக்கறி நார், மாம்பழ நார், லபெட் என்கிற தேயிலை ஊறுகாய் சாலட்டில் வரும் வறுத்த பயறு என்று ஒவ்வொரு வேளையும் அங்கேயே போய் மாட்டும். எதிர்ப் பல்லின் கூர் முனை உலக்கை மாதிரி இடித்து இன்னும் உள்ளே அனுப்பும். டீக்கடை மேசையில் மூங்கில் குச்சி டப்பா இருக்கிறதே என்று குத்திக்குத்தி எடுப்பதில் இடுக்கின் ஈறு தேய்ந்து, இடைவெளி பெரிதாகி, இன்னும் அதிகமாக மாட்டும். மாட்டுகிற காரணத்தைச் சரிசெய்யாமல் குச்சியை நம்பினால் முடிவே கிடையாது.

கழற்றி மாட்டும் பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் அது கொக்கி போட்டுப் பிடித்திருக்கும் பல்லைப் பாருங்கள். அடுத்ததாக விழப்போவது பெரும்பாலும் அந்தப் பல்தான். பிளாஸ்டிக் தட்டு ஈறோடு ஒட்டி உட்காரும் ஓரத்தில் படலம் தடிமனாகக் கட்டும். ராத்திரி கழற்றிச் சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொக்கிப் பல்லையும் அப்போதே தேயுங்கள். பலர் பொய்ப்பல்லைக் கழற்றுவதற்கு வெட்கப்பட்டு வருடக்கணக்காக வாயிலேயே வைத்திருக்கிறார்கள். ராத்திரி யார் பார்க்கப்போகிறார்கள்?

ஞானப்பல் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கப் பார்க்கும். பாதி முளைத்து நின்றால் அதன்மேல் ஈறு மூடி மாதிரி கிடக்கும். மூடிக்கு அடியில் சாப்பாடும் கிருமியும் சேர்ந்து வீங்கினால் வாய் திறக்க முடியாது. காய்ச்சல், முகம் வீங்குதல், விழுங்கவே கஷ்டம் என்று வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடிக்கடி வருகிறது என்றால் அந்தப் பல்லை எடுத்துவிடுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். முன்னால் இருக்கும் நல்ல பல்லின் பின்பக்க எலும்பையும் அது கெடுக்கும்.

மேல் முன்பற்களின் ஈறு மட்டும் பளபளவென்று சிவந்திருந்தால், தூக்கத்தில் வாய் திறந்து மூச்சு விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். உதடு மூடாமல் ஈறு காய்ந்துபோகும் இடம் அது. பிள்ளைகளுக்கு மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, அலர்ஜிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் வாயை வறளச் செய்யும். எச்சில் குறைந்தால் படலம் கூடும். சிலருக்குப் பிறவியிலேயே பல்லில் ஒரு பள்ளம், குறிப்பாக மேல் இரண்டாவது முன்பல்லின் உள்பக்கம், வேர் வரை வாய்க்கால் மாதிரி ஓடும். கடைவாயில் எனாமல் கீழே நீண்டு வேர் பிரியும் இடத்துக்கு இறங்கியிருக்கும். இவற்றை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு பல், வெளியே எந்தக் காரணமும் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

கடைசியாக நாமே செய்துகொள்ளும் காயம். கரித்தூள், செங்கல் தூள், உப்புக் கல். பெகு, தட்டோன் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இது இருக்கிறது. பல் வெள்ளையாகிறது, ஆனால் ஈறு ஓரத்தில் வேர் அரிக்கப்பட்டுக் குழி விழுகிறது. அந்தக் குழி படலத்துக்குப் புது வீடு. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, வேலங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை, நுனியை நன்றாக மென்று பிரஷ் ஆக்கித் தேய்த்தால் வெளிப்பக்கம் சுத்தமாகும். ஆனால் கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்கும் பல் இடுக்குக்கும் குச்சி போகாது.

படி 3: கிளினிக்கில் என்ன நடக்கும், என்ன கேட்க வேண்டும்

தாளை எடுத்துக்கொண்டு போங்கள். “இந்த நாலு இடத்தில்தான் ரத்தம் வருகிறது” என்று காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியால் ஈறின் பள்ளத்தை அளப்பார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடம். எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உங்கள் எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட வேண்டும். பை ஆழமாக இருந்தால் எக்ஸ்ரே. அப்புறம் கிளீனிங். அதிர்வு இயந்திரம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே காரையை உடைக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணினால் கைக் கருவியால் சுரண்டுவார்கள். நேரம் ஆகும், வேலை அதேதான். பை 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்குள்ளும் வேரைச் சுத்தம் செய்வார்கள். வழக்கமாக ஒரே நாளில் முடியாது.

தன்லியினிலிருந்து வரும் ஒரு தாத்தா, வாயைத் திறக்காமலே பத்து நிமிடம் வாதாடினார். “அம்மாடி, கல்லை எடுத்தா பல்லு ஆடும். என் தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு.” இந்தப் பயம் எல்லாரிடமும் இருக்கிறது, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே போய்விட்ட பற்களைக் காரை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் ஆடுவது தெரியும். வீங்கிய ஈறு வற்றும்போது இடைவெளி தெரியும், சில நாள் பல் கூசும். ஆட்டத்தைக் கொண்டுவந்தது கிளீனிங் இல்லை, அது மறைந்திருந்தது, அவ்வளவுதான். “தாத்தா, சுவரில் கறையான் இருக்கு, பூச்சை எடுத்தா தெரியுது. பூச்சு இருந்தா கறையான் போயிடுமா?” என்றேன். அவர் சிரித்து வாயைத் திறந்தார்.

கிளீனிங்கோடு எழுந்து வந்துவிடாதீர்கள். “இந்த இடத்தில் திரும்பக் கட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பில்லிங்கைத் தேய்க்கலாம், கேப்பை மாற்றலாம், திறந்த இடுக்கை மூடலாம், சாய்ந்த ஞானப்பல்லை எடுக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுக் காரையை மட்டும் எடுத்தால் சில மாதத்தில் அதே நாற்காலி.

மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துப் பொட்டலமாகத் தருவார்களே, அதை வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் வற்றும், வலி போகும், காரை அங்கேயேதான் இருக்கும். சர்க்கரை நோய், இதய வால்வு பிரச்சினை, ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்றவை ஈறைத் தடிக்கச் செய்யலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதித் தந்த டாக்டரிடம் கேளுங்கள். செலவு யோசிப்பவர்கள் யாங்கோனிலும் மாண்டலேயிலும் உள்ள பல் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் விசாரிக்கலாம். நேரம் கூட ஆகலாம்.

படி 4: வீட்டில்

சின்னத் தலை, மென்மையான நார் உள்ள பிரஷ். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் நார் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, அதே இடத்தில் சிறிதாக அசைக்க வேண்டும். ரயில் மாதிரி முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. இரண்டு நிமிடம், நாளுக்கு இருமுறை. ராத்திரி துலக்குவதை மட்டும் விடவே விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவு, கிருமிக்குக் கொண்டாட்டம். தாளில் புள்ளி வைத்த இடத்தில் முதலில் ஆரம்பியுங்கள். கடைசியில் வைத்தால் கை சலித்துப்போகும்.

இடுக்குக்கு நூலா, இடுக்கு பிரஷா? பற்கள் இறுக்கமாக இருந்தால் நூல். ஈறு இறங்கி இடைவெளி இருந்தால் இடுக்கு பிரஷ்தான் நல்லது, வேரின் குழிவான பக்கத்தில் நூல் தொடாது. பிரஷ் திணிக்காமல் ஆனால் உரசிக்கொண்டு போகும் அளவு வேண்டும், ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படலாம். முதல் வாரம் ரத்தம் வரும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். குறையவே இல்லை என்றால் அந்த இடத்தில் காரையோ விளிம்போ இன்னும் இருக்கிறது.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நல்ல மருந்து, டாக்டர் சொன்ன அளவுக்கு ஒன்றிரண்டு வாரம். அதற்குமேல் போனால் பல்லில் பழுப்பு ஏறும். பால் டீயும் குன்யாவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேஸ்டுக்கும் அதற்கும் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

படி 5: திரும்பிப் போங்கள்

ஆழமான கிளீனிங் முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி அளப்பார்கள். 6 இருந்த இடம் 4 ஆகியிருந்தால் நல்ல சேதி. அதே 6 நின்றால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. பை இருந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் காட்டினால் போதும். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானுக்கு முந்தின வாரத்தில் மட்டும் எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஏப்ரலில் கிளினிக்குகள் நாள்கணக்கில் மூடியிருக்கும், பாதி வேலையோடு தண்ணீர்த் திருவிழா பார்க்க வேண்டியதாகிவிடும்.

போவதற்கு முன்னால் கலர் சோதனையை மறுபடி செய்து பழைய தாளின் பக்கத்திலேயே புதுப் புள்ளிகளை வையுங்கள். என் தாளில் இப்போது ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம், கீழ் முன்பல்லின் உள்பக்கம். அது சுரப்பியின் வேலை, ஒன்றும் செய்ய முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் மூடும் நேரத்தில் டாக்டரே சுரண்டிவிடுகிறார். உதவிக்கு வேறு ஆள் இல்லாததால் எச்சில் குழாயை நானே என் வாயில் பிடித்துக்கொள்கிறேன்.